பின்னால் வந்த குரல்

புதுப் பந்தயக் காரை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று ஓட்டுநர் மாலையே வீடு திரும்பிவிட்டான். அவனுடைய குரல் வந்து சேர மறுநாள் காலை ஆயிற்று. அந்தக் காரை வடிவமைத்தவள் அவன் மனைவி. முந்தின நாள் அவளைப் பார்த்து வாயசைத்தானே தவிரச் சத்தம் வரவில்லை. காலையில் அவன் இன்னும் தூங்கிக்கொண்டிருக்க, பல் துலக்கிக்கொண்டிருந்த அவள் காதருகே, "நல்லாத்தான் ஓடுது, திருப்பத்துல மட்டும் வால் ஆடுது" என்று கேட்டது. தொண்டையைப் பார்த்த டாக்டர், "ஆள் முன்னாடி வந்துட்டார், குரல் பின்னாடி வருது. யார்கிட்ட பேசினாரோ அவங்களைத் தேடி வந்துடும்" என்று மருந்து எதுவும் கொடுக்காமல் அனுப்பினார்.

அவள் வாலைச் சரிசெய்தாள். காற்று வழுக்கிப் போகும்படி மூக்கைத் தாழ்த்தி, உடற்கூட்டைக் கார்பன் இழையில் வார்த்தாள். வண்டி இளைக்க இளைக்கக் குரல் இன்னும் பிந்தியது. கோடையில் அவன் கேட்ட தண்ணீர் மழைக்காலத்தில்தான் அவள் காதில் விழுந்தது. இருவரும் கைஜாடையில் சண்டை போட்டு, கைஜாடையிலேயே சமாதானமானார்கள். இதற்கு மேல் வேண்டாம் என்று பந்தய அணியின் முதலாளியிடம் போய் நின்றாள். "வண்டிதானேம்மா ஓடணும், பேச்சு எதுக்கு?" என்றவர், பிரேக் டிஸ்கையும் மெலிதாக்கச் சொன்னார். தாங்காது என்று அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். வேறு ஆளை வைத்துச் செய்துமுடித்தார்கள். தெரிந்தும் ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தான். அந்த வேகம் அவனைப் பிடித்துப்போட்டிருந்தது.

பந்தயத்தில், அவள் நின்ற இடத்துக்கு எதிரே இருந்த திருப்பத்தில், வண்டி திரும்பாமல் நேராகச் சுவரில் மோதியது. எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் காதில் மாட்டியிருந்த ரேடியோவில் ஒரு முனகல்கூட வரவில்லை. "பிரேக் கோளாறுன்னா சொல்லியிருப்பாரே, கடைசி வரைக்கும் வாயே திறக்கலையே" என்று முதலாளி விசாரணையில் சொன்னார். குரல் வழியில் இருக்கிறது என்று அவள் மன்றாடினாள். அதற்குக் காத்திருக்க யாருக்கும் பொழுதில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று கோப்பை மூடினார்கள்.

மறுவருடம் பட்டறையில் புது ஓட்டுநருக்கு அவள் இருக்கை அளவெடுத்துக்கொண்டிருந்தபோது குரல் வந்தது. பக்கத்தில் நின்ற முதலாளிக்கும் கேட்டது.

"நீ சொன்னதுதான். முன் பிரேக் பிடிக்கல." ஒரு மூச்சு. "இந்தப் பக்கம் பாக்காத."

புது ஓட்டுநர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடந்தான். முதலாளி தரையைப் பார்த்தார். அவள் அளவு நாடாவைச் சுருட்டிவிட்டு, கணவன் சொன்னபடியே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.