ரோதமுனிக்குப் பக்கத்தில் ஒரு எஞ்சின்

வியாழக்கிழமைக்குள் கராஜ் காலியாக வேண்டும் என்று தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை சொல்லிவிட்டார். இல்லையென்றால் உள்ளே கிடக்கும் பழைய இரும்பு முழுவதும் ஆற்றுப் பள்ளத்துக்குப் போய்விடுமாம்.

பழைய இரும்பாம்! ஒன்பது வருஷம் நான் ஓட்டிய லேண்ட் ரோவர் அது. நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அது ஏறாத மேடு கிடையாது. போன வருஷம் கியர் பெட்டி உடைந்தபோது நானே போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் பிரித்து வைத்தேன். மாற்றுச் சாமான் வருவதற்குள் பழைய துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். போகும்போது வண்டியை எனக்கே கொடுத்துவிட்டதாக ஒரு கடிதம் எழுதித் தந்தார். புதுத் துரை சொந்தக் காரோடும் சொந்த டிரைவரோடும் வந்து இறங்கினார். டிரைவர் நல்லமுத்துவான என் கையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். முதல் நாளே செடியை விட்டுவிட்டு என் செருப்பை வெட்டினேன்.

டிக்கோயாவில் கராஜ் வைத்திருந்த லாபிர் முதலாளியிடம் ஓடினேன். அவரிடம் கியர் பெட்டி இருந்தது. "வண்டியோட நீயும் வா நல்லமுத்து. பூட்டி முடிச்சா நீயே ஓட்டு. பின்னால ஒரு அறையும் இருக்கு" என்றார். நின்ற இடத்திலேயே சரி என்றேன். வீட்டுக்கு வந்து, அடுப்பு ஊதிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி அம்மாக்கண்ணுவிடம், "நாம டிக்கோயாவுக்குப் போறோம்" என்றேன். அவள் ஊதுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி ஊதினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் முகத்தை யார் பார்த்தார்கள்?

அந்த வாரம் பார்த்து ரோட்டில் மண் சரிந்தது. லொறி ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்றார் முதலாளி. வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் அந்த வண்டியை எங்கே வைப்பது? பெரிய கங்காணியிடம் மாட்டுப்பட்டியில் ஒரு ஓரம் கேட்டேன். மாடு மிரளும் என்றார். கோயில் கமிட்டியிடம் கேட்டேன். கூட்டம் போட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கதவுகளையும் சக்கரங்களையும் லயத்தில் நாங்கள் குடியிருக்கும் ஒற்றைக் காம்பராவில் அடுக்கியதில் படுக்க இடம் போனது. வெறும் கூட்டை லயத்துக்குப் பின்னால் மழையில் விட்டேன். எஞ்சின் நனையக்கூடாது, ஆனால் அது வாசலிலேயே நுழையவில்லை.

கடைசியில் ஸ்டோருக்கு, அதுதான் தேயிலை ஆலைக்கு, பின்னால் இருக்கும் ரோதமுனிதான் இடம் கொடுத்தது. தேயிலை அரைக்கும் ரோதைச் சக்கரங்களுக்கும் மெசின்களுக்கும் காவல் சாமி அது. தலைக்கு மேலே தகரக் கூரை உண்டு. எட்டுப் பேர் சேர்ந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமிக்குப் பக்கத்தில் இறக்கினோம். "மூணே நாளைக்குத்தான் சாமி" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். சாமி கேட்டதோ என்னவோ, சனங்கள் கேட்கவில்லை.

மாதக் கணக்காக மக்கர் பண்ணிக்கொண்டிருந்த அரைக்கிற மெசின் வெள்ளிக்கிழமை நிற்காமல் ஓடித் தொலைத்தது. அதில் வேலை செய்கிற சின்னத்தம்பிதான் ரோதமுனிக்குப் பூசாரி. என் எஞ்சினுக்கு ஒரு பட்டை திருநீறு பூசினான். சனிக்கிழமை குங்குமமும் எலுமிச்சம்பழமும் வந்தன. ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் சேவல் அறுத்திருக்கிறார்கள்!

"அது சாமியில்ல, எஞ்சின்!" என்று கத்தினேன்.

"எஞ்சினுக்குத்தானே அண்ணே இவரு சாமி?" என்றாள் பக்கத்து லயத்து ராக்காயி.

இரண்டு மணிக்கு லொறியோடு வந்த லாபிர் முதலாளி இரத்தத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "சாமியாக்கின சாமான நான் தொட ஏலாது. உங்கட சாமிக்கிட்ட உத்தரவு எடுங்க. நாலு மணி வரைக்கும் நிப்பேன்."

"பூப்போட்டுப் பாத்துருவோம்" என்றான் சின்னத்தம்பி. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. எடுத்ததில் வெள்ளை வந்தால் எஞ்சின் போகலாம், சிவப்பு வந்தால் இங்கேயே இருக்க வேண்டும். "காரியம் ஒங்களோடது. பொட்டலத்த நீங்களே கட்டிக்கிட்டு வாங்க."

ஸ்டோர் தோட்டத்தில் ரோசா இதழ் பறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டு வெற்றிலை எடுத்தேன். இரண்டிலும் வெள்ளை இதழையே வைத்து மடித்து நூல் சுற்றினேன். சிவப்பு இதழ்கள் அடுப்படியிலேயே கிடந்தன. சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பொட்டலங்களை மாடத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கைகால் கழுவி வந்தேன். அம்மாக்கண்ணு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கற்பூரம் ஏற்றினார்கள். ராக்காயி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சின்னத்தம்பி நூலை அவிழ்த்தான்.

சிவப்பு.

கூட்டம் அரோகரா போட்டது. மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோர் சுவருக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அதிலும் சிவப்பு. நிமிர்ந்தால் அம்மாக்கண்ணு எதிரே நிற்கிறாள்.

"ரெண்டுலயும் வெள்ளையத்தானே வச்சேன்?"

"பாத்தேன். அதான் ரெண்டுலயும் செவப்ப வச்சேன்."

"சாமி காரியத்துல வெளயாடுறியா?"

"மொதல்ல வெளயாண்டது யாருங்க?" என்றாள். "கங்காணிகிட்ட கேட்டீங்க, கமிட்டிகிட்ட கேட்டீங்க, சாமிகிட்டயும் கேட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? தோட்டத்துல ஒங்க பேர வெட்டுனா என் பேரையும் சேத்துத்தான் வெட்டுவாங்க. பதினாலு வருசமா கொழுந்து எடுக்குறேன். எனக்குன்னு இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான். டிக்கோயாவுல நான் யாரு?"

புருஷன் பத்துச்சீட்டு வாங்கிக் கணக்கை முடித்துக்கொண்டு தோட்டத்தை விட்டு விலகினால் பெண்டாட்டிக்கும் வேலை போய்விடும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். ஒரு இரும்புக்கு ஊரெல்லாம் இடம் தேடி அலைந்த அந்த வாரத்தில் அது என் புத்தியில் ஒரு தடவைகூட எட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது.

முதலாளி ஹார்ன் அடித்தார். கூட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னால் போதும், இந்த உத்தரவு செல்லாது. ஆனால் என்னோடு சேர்ந்து அவள் மானமும் போகும்.

"இப்பக் கேக்குறேன், அம்மாக்கண்ணு. வர்றியா?"

"மாட்டேங்க."

யோசிக்கக்கூட இல்லை. லொறிக்குப் போனேன். "உத்தரவு கெடைக்கல மொதலாளி." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எஞ்சின் இல்லாத வண்டி அவருக்கு எதற்கு? வெறும் லொறி வளைவில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். என் பேருக்கு ஏதோ முனகினேன். கொஞ்சம் கழித்து, "அம்மாக்கண்ணு!" என்றார்.

"இருக்கேனுங்க!"

அந்தக் குரல் மலைக்கே கேட்டிருக்கும். தினமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அன்றுதான் என் காதில் விழுந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். கீழே ரோட்டில் ஏதோ ஒரு லொறி மேடேறத் திணறியது. என் இடது கால் தானாகக் கிளட்சை மிதித்தது.