மூன்றாம் விசிறி

குருநகரில் தேவாலயத்துக்குப் பின்பக்க ஒழுங்கையில் லெனாட்டுக்கு ஒரு மரவேலைக் கொட்டில் இருந்தது. கதவும் ஜன்னலும் நிலையும்தான் அவருடைய பிழைப்பு. விமானத்தில் அவர் ஏறியதே இல்லை. அப்படிப்பட்டவர் ஐம்பது கடந்த வயதில் விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியைச் செதுக்கத் தொடங்கியது தம்பி றெஜியால்தான்.

றெஜி சண்டைக் காலத்தில், மீசை அரும்பிய வயதில் பிரான்சுக்குப் போனவன். அங்கே பஸ் கராஜ் ஒன்றில் மெக்கானிக். அத்தனை வருடங்களில் அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் பேசியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

“சாப்பிட்டியளோ அண்ணை?”

“ஓம். அங்கை குளிரோ?”

“ஓம், குளிர்தான்.”

பிறகு இரண்டு பக்கமும் மௌனம். யாராவது ஒருவர் “சரி, வைக்கிறன்” என்பார். கோபதாபம் ஒன்றுமில்லை. பேசுவதற்கு இருவருக்கும் பொதுவாக ஏதும் மிஞ்சியிருக்கவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை றெஜி போன் எடுத்தபோது குரலே வேறாக இருந்தது. விடுமுறை நாட்களில் அவன் போகிற சங்கத்தில், ஓய்வுபெற்ற கிழவர்கள் சிலர் சேர்ந்து நூறு வருடத்துக்கு முந்திய ஒற்றை ஆள் விமானம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு அவன் உயிர் கொடுத்துவிட்டான். ஆனால் மர விசிறி உளுத்துக் கொட்டிப் போயிருந்தது. அளவு எடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

“நீங்கள் செதுக்கித் தருவியளோ அண்ணை?”

“எனக்கென்னடா தெரியும் உந்த வேலையைப் பற்றி?”

“நான் சொல்லுறன். விசிறி பெருத்தால் இஞ்சின் இழுக்கேலாமல் முக்கும். சிறுத்தால் கண்மண் தெரியாமல் சுத்தி உடைஞ்சுபோகும். இஞ்சின்ரை பலத்துக்குத் தக்க நீளம் வேணும், விசிறி இறக்கையிலை தக்க முறுக்கும் வேணும்.”

லெனாட் மகோகனிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இறுக்கி, காயவிட்டு, ஓர் ஆள் உயரத்துக்கு மேலான விசிறியைச் செதுக்கினார். நடுத்துளையில் கம்பியைச் செருகித் தொங்கவிட்டு, தாழ்கிற பக்கத்தைச் சீவிச் சீவி இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினார். ஒவ்வொரு மாலையும் றெஜி எடுத்தான். முறுக்கில் தொடங்கிய பேச்சு, சின்ன வயதில் இருவரும் ஐயாவின் வள்ளத்தைக் கேளாமல் கொண்டுபோய் மண்டைதீவுப் பக்கம் சேற்றில் புதைத்த கதைவரை போகும். லெனாட் சிரிக்கிற சத்தம் கேட்டு மனைவி கத்தரீனா சமையலை விட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

விமானத் தபாலில் அனுப்பிய முதல் விசிறி சரிவரவில்லை. எஞ்சின் அதை இழுக்கமுடியாமல் முக்கியது. றெஜி நுனிகளை வெட்டிப் பார்த்தும், முறுக்கும் கூடிப்போயிருந்ததால் பயனில்லை. இரண்டாவதை நீளத்தையும் முறுக்கையும் குறைத்துச் செய்து அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த அன்று றெஜி கொஞ்சம் தயங்கித்தான் பேசினான்.

“வடிவாத்தான் இருக்கு அண்ணை. ஆனா இஞ்சின் கொஞ்சம் கூடின வேகத்திலை சுத்துது. இன்னொண்டு செய்வமோ?”

“அதுக்கென்ன, செய்வம்” என்றார் லெனாட்.

மூன்றாவது முடியும் தறுவாயில் றெஜி கராஜில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விசா எடுத்துப் போவதெல்லாம் நடக்கிற காரியமா? அடக்கத்தை லெனாட் கைபேசியில்தான் பார்த்தார். வந்தவர்கள் அழுதார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. மறுநாள் கொட்டிலுக்குப் போய் மூன்றாவது விசிறிக்கு வார்னிஷ் பூசினார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து றெஜியின் மனைவி ஷெரோன் போன் எடுத்தாள். சங்கத்துக்காரர் அவன் பெயரில் அந்த விமானத்தைப் பறக்கவிடப் போகிறார்களாம்.

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லும் பிள்ளை,” என்றார் லெனாட். “விசிறி முடிஞ்சுது. நாளைக்கே அனுப்புறன்.”

ஷெரோன் மெல்லச் சொன்னாள்.

“தேவையில்லை அண்ணை. ரெண்டாவதே அச்சாவாப் பொருந்தினது. பூட்டின அண்டைக்கே எல்லாரும் கை தட்டினவை.”

“அப்ப ஏன் அவன் எனக்கு அப்பிடிச் சொன்னவன்?”

“நானும் கேட்டனான். சரியெண்டு சொன்னால் அண்ணை போனை வைச்சிடுவார், பிறகு என்னத்தைக் கதைக்கிறது எண்டு சொன்னவர்.” அவள் அழத் தொடங்கினாள்.

லெனாட் அழைப்பைத் துண்டித்துக் கைபேசியை மேசையில் வைத்தார்.

“விசரன்!” என்று கத்தினார். “கதைக்க வேணுமெண்டால் கதைச்சிருக்கலாம்தானே? விசிறி எதுக்கு? சும்மா எடுத்தால் நான் கதைக்கமாட்டனோ?”

கத்தரீனா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்கள் மட்டும் என்னவாம்?” என்றாள். “முதல் ரெண்டையும் எவ்வளவு கெதியா முடிச்சனீங்கள். உந்த மூண்டாவதை மட்டும் மாசக்கணக்காத் தேய்ச்சுக்கொண்டு இருந்தியள். நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்.”

கத்தரீனா சொன்னதில் பொய்யில்லை. கடைசி வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று அவரும்தான் தள்ளிக்கொண்டு வந்தார்.

விமானம் பறந்த அன்று பின்னேரம் ஷெரோன் வீடியோ அனுப்பினாள். புல்வெளியில் வெயில். வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் துணி இறக்கைகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். இன்னொருவர் விசிறியைக் கையால் இழுத்துச் சுழற்ற, எஞ்சின் இருமி இருமி ஓடத் தொடங்கியது. சுழன்ற வேகத்தில் லெனாட் செதுக்கிய மரம் புகைபோலக் கரைந்து மறைந்தது. விமானம் துள்ளித் துள்ளி ஓடி, பனை உயரத்துக்கு எழும்பி, புல்வெளியின் மறுகரையில் பத்திரமாக இறங்கியது.

அவர் சத்தத்தை முழுதாகக் கூட்டி இன்னொரு முறை பார்த்தார். முன்பெல்லாம் வந்த வீடியோக்களில் படம் பிடிக்கிறவன் றெஜிதான். “பாருங்கோ அண்ணை, பாருங்கோ!” என்று எஞ்சினுக்கு மேலால் கத்துவான். இதில் எஞ்சின் இரைச்சலும் யாரோ பிரெஞ்சில் கூவுவதும் மட்டும்தான். எவ்வளவு கூட்டியும் வேறு குரல் இல்லை.

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. கத்தரீனா கைபேசியை வாங்கி அணைத்துவிட்டு, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.