தொண்ணூறுக்கு நாற்பது

எங்கள் பாத்திரக்கடையில் ‘ஒரே விலை’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசாமல் வாங்கிப் போனவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பின்னாலேயே ஓடி, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்திருப்பேன். வருகிறவர் பாதியில் தொடங்குவார், நான் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன், முக்காலில் இருவரும் சமாதானமாவோம். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் பாதி அலங்காரம் என்பது எனக்கு மூச்சு விடுவதுபோல் பழகிவிட்டது.

அதனால்தான் கொத்தனார் தொண்ணூறு நாள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வீடு என் அக்காவுடையது. கால்வாய் உடைந்து அவள் தெருவில் மூன்று நாள் நெஞ்சளவுத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். பீரோ மல்லாந்து கிடந்தது. கட்டில், எங்கோ கிளம்பிப்போக நினைத்து மனம் மாறியதுபோல், வாசற்படியில் குறுக்கே நின்றது. அத்தான் போன பிறகு அங்கே தனியாகவே காலம் தள்ளியவள், இரண்டு பைகளோடும் பழைய மூச்சிளைப்போடும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

என் வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும். அக்கா கூடத்தில் படுத்துக்கொண்டாள். முதல் வாரம் என் மனைவி அவள் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். இரண்டாம் வாரம், வெந்நீர் அடுப்பில் இருப்பதாகத் தகவல் கொடுத்தாள். மூன்றாம் வாரம் தகவலும் நின்றது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானமும் இருந்திருக்கும். அண்ணிக்கு அவங்க வீடுன்னாத்தான் சௌகரியம் என்று அக்காவை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம் சொல்வாள். அக்காவும் ஆமாம் என்று தலையாட்டுவாள். யாரும் கேட்காமலே எங்கள் துணிகளையும் சேர்த்துத் துவைத்துப் போட ஆரம்பித்திருந்தாள், வாடகை கொடுப்பதுபோல.

கொத்தனாரை ஊரில் ‘ஒத்தைப்பேச்சு’ என்பார்கள். கூலியும் ஒரே பேச்சு, நாளும் ஒரே பேச்சு. எங்கள் கடைப் பலகைக்குக் கைகால் முளைத்து வந்திருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். தண்ணீர்க் கறைக்கு ஒரு முழம் மேலே வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார். செங்கல்லைக் கழுவினார். கதவு, ஜன்னல்களைக் கழற்றி வெளியே சாத்தி வைத்தார்.

“இனிமே எனக்கு வேலை இல்ல முதலாளி, காத்துக்குத்தான் வேலை. தொண்ணூறு நாள் கழிச்சுப் பூசிக்கலாம்.”

“நாப்பது வெச்சுக்குவோம்.”

“எதை?”

“நாளைத்தான்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செங்கல் குடிச்ச தண்ணி முதலாளி. அது விட்டாத்தானே? என்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்?”

நான் விடவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்றேன். இரண்டு மின்விசிறி வைக்கிறேன் என்றேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் முப்பதே போதும் என்கிறார் என்று, உலகத்தில் இல்லாத ஒரு கொத்தனாரையும் கொண்டுவந்து நிறுத்தினேன். எழுபது என்பார், ஐம்பத்தைந்தில் முடிப்போம் என்று காத்திருந்தேன். மனிதர் எதிர்விலையே சொல்லவில்லை. கடைசியில், நாற்பதாம் நாள் மாலை சுவரில் ஒரு பாலிதீன் தாளை ஒட்டுகிறேன் என்றார். காலையில் தாளின் உள்பக்கம் தண்ணீர் கோத்திருந்தால் ஈரம், இல்லாவிட்டால் பூசிவிடலாம். தாள் சொல்வதுதான் பேச்சு.

ஒட்டினார். மறுநாள் விடிந்ததும், அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, நான் போனேன். தாளின் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்.

அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய் இன்னும் ஐம்பது நாள் என்று சொல்லவேண்டும். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள். பாத்திரத்தை வைக்கும் சத்தத்தில் சொல்லுவாள். ஒட்டுநாடாவைப் பிரித்தேன். தோளில் கிடந்த துண்டால் தாளைத் துடைத்தேன், பின்னால் இருந்த செங்கல்லையும் அழுத்தித் துடைத்தேன், பழையபடி ஒட்டினேன். தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டு, அப்போதுதான் வருகிறவன்போல் வந்தேன்.

கொத்தனார் தாளைப் பார்த்தார். பிரித்துவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“கைக்கு ஈரமாத்தான் படுது. ஆனா தாள் காஞ்சிருக்கு. நாந்தான் கூடச் சொல்லிட்டேன் போல. மன்னிச்சுக்கங்க முதலாளி.”

நான் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

பத்து நாளில் பூச்சும் வெள்ளையும் முடிந்தன. அக்கா கிளம்பினாள். என் மனைவி அவளுக்குப் புது பிளாஸ்க் ஒன்று கொடுத்து, ஆட்டோ திரும்பும்வரை வாசலில் நின்று கையசைத்தாள்.

இரண்டாம் மாதம் சுவரில் உப்புப் பூத்தது. பூச்சு அங்கங்கே பொருமிக்கொண்டு எழுந்தது. கட்டிலுக்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்ந்தது. போனில் கேட்டால் எல்லாம் நல்லா இருக்கு என்பாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமுவாள். விஷயத்தை எனக்குச் சொல்லி அழைத்தவர் கொத்தனார்தான்.

போனேன். குற்றவாளிபோல் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

“நாப்பது வருஷமா இந்தக் கையை வெச்சுத்தான் ஈரம் பாக்கறேன். அன்னிக்கும் கை சரியாத்தான் சொல்லிச்சு, நாந்தான் கேக்கல” என்றார். கூலி வாங்காமல் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து மறுபடி பூசித் தருவதாகச் சொன்னார். ஊரில் இரண்டு பேர் வேறு ஆளைத் தேடிக்கொண்டதையும் சொன்னார்.

அந்த இடத்தில் நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். வாய் அதுபாட்டுக்கு வேறொன்றைச் சொன்னது.

“சிமெண்டும் உங்களோடதுதானே?”

சரி என்று தலையாட்டிவிட்டு உளியெடுக்க வெளியே போனார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மூச்சுக்கு இழுக்கும் மருந்துக் குழாய். காய்கிறவரை வீட்டுக்கு வந்துவிடு அக்கா என்றேன்.

“அவர் கூலியைக் குடுத்துடு. சிமெண்டுக்கும் சேத்து” என்றாள்.

தப்புச் செய்தவர் அவர்தானே என்றேன்.

“தாளைப் பாத்த அன்னிக்கு நீ குளிக்கப் போறப்ப போட்டுட்டுப் போன துண்டைத் துவைச்சது நான்தான்டா. செங்கல் செவப்பு. மூணு தண்ணி அலசியும் போகல.”



“தெரிஞ்சேவா இங்க வந்தே?”

“அம்பது நாள் என்னை வெச்சுக்க முடியாம, என் தம்பி சுவத்தைத் தொடைச்சிருக்கான். அதுக்கப்புறம் அங்க எப்படிடா இருக்கறது?”

கொத்தனார் உளியோடு உள்ளே வந்தார். மறுபடி காயவேண்டும் என்றார். பிறகு, யாரிடமும் கேட்டுப் பழகாத மனிதர், என்னிடம் கேட்டார்:

“எத்தனை நாள்னு நீங்களே சொல்லிடுங்க முதலாளி.”

“தொண்ணூறு” என்றாள் அக்கா. “நான் இங்கேயே இருந்துக்கறேன்.”

ஜன்னலைத் திறந்து வைக்க எழுந்தாள். தொண்ணூறைக் குறைக்க எனக்கு வாய் வரவில்லை. அவளைப் பிடித்துக் கூட்டிப்போகக் கையும் வரவில்லை.