ஊட்டி மாப்பிள்ளை

குப்பம்மாளுக்கு அன்றைக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடு விடியும்போதே கத்த ஆரம்பித்துவிட்டது, பருவத்துக்கு வந்துவிட்டது. ஆனால் போன இரண்டு தடவையும் சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. புருஷன் இல்லாத வீட்டில் அந்த மாட்டுப் பால்தான் சோறு, அதுவும் வற்றி எட்டு மாதம். இந்தத் தடவையும் தவறினால் ஓட்டிக்கொண்டு போ என்று தரகனிடம் சொல்லியும் விட்டாள். சொன்ன நாளிலிருந்து மாட்டின் முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

மகளோடு திருத்தணி மலையடிவாரத்து மாட்டாஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கம்பவுண்டர் பஞ்சாட்சரம் சினை ஊசிக் கேனைத் திறந்தார். வெள்ளைவெளேரென்று புகை பொங்கி வழிந்தது. ஆட்டுக்கு மருந்து வாங்க வந்திருந்த பரந்தாமன் பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பஞ்சாட்சரத்துக்குச் சுர்ரென்று வந்தது. "யோவ், சாமி இல்லய்யா! காளையோட விந்து உள்ள உறைஞ்சிகினு கீது. அந்தக் குளிர்ல உயிர் அப்பிடியே தூங்கும். வெந்நீர்ல போட்டா முழிச்சிக்கும்."

மிச்சமிருந்தது ஒரே ஒரு குழல், துடைப்பக் குச்சி அளவுதான். இடுக்கியால் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். "உருகினா உருகினதுதான். கால் மணி நேரத்துல ஊசி போட்டாவணும். அடுத்த கேன் வர பத்து நாள் ஆவும்."

குப்பம்மாள் விசாரிக்காமல் விடுகிற ஆளா? "மாப்பிள எந்த ஊரு?"

"ஊட்டி."

"ஜாதி?"

"ஜெர்சி."

"அவங்க அம்மா எத்தினி கறந்தா?"

"ஒரு நாளைக்குப் பதினெட்டு லிட்டர்."

குப்பம்மாளுக்கு வாயெல்லாம் பல். மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் சந்திராவை ஆர்.கே.பேட்டையில் கட்டிக்கொடுத்தபோதுகூட இப்படியொரு இடம் அமையவில்லை. "மாப்பிள நல்லா கீறாரா?"

பஞ்சாட்சரத்துக்குப் பொய் வராது, அதுதான் அந்த மனுஷனின் சாபக்கேடு. "அது செத்து ரெண்டு வருஷம் ஆவுதே."

"ஐயையோ!" குப்பம்மாள் பாய்ந்து போய் மாட்டை மறைத்துக்கொண்டாள். "செத்தவனுக்கா என் பொண்ணக் குடுக்கறது? தாலி ஏறதுக்கு முன்னாடியே அறுக்கறதா?"

"காரியம் பண்ணாங்களா?" என்று பரந்தாமன் கேட்டார்.

"மாட்டுக்கு இன்னாய்யா காரியம்!"

"பாத்தியா! ஆவி அடங்காம கேனுக்குள்ளயே சுத்திகினு கீது. புகைய நம்ம கண்ணாலயே பாத்தமே. பொறக்கற கன்னு அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணம் வுடணும். அப்பன முழுங்கிட்டுப் பொறக்கறது வூட்டுக்கு ஆவாதும்மா."

பஞ்சாட்சரம் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் ஓடிப்போயிருந்தது. "அம்மா, செத்தது காளை. இது சாவல. சொன்னா கேளும்மா." அழுதுவிடுவார் போலிருந்தது. குப்பம்மாள் அசையவில்லை.

சந்திரா மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நைனா போயி ஆறாம் மாசம் நான் பொறந்தேன். என்னையும் இப்பிடித்தான் சொன்னாங்களாமே."

குப்பம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் குழந்தை பார்க்க வந்த பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்திகூட மடியில் வாங்கவில்லை. பச்சை உடம்போடு எழுந்து போய், என் பெண் யாரையும் முழுங்கவில்லையடி என்று தெருவே கேட்கக் கத்தினவள் அவள்தான். இப்போது அவளே மாட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"யோவ் பரந்தாமா! எந்தக் கன்னும் எந்த அப்பனையும் முழுங்கல. இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு வந்துது, வாய்ல சாணிய வெச்சி அடைச்சிடுவேன். போறவன் குடுத்துட்டுப் போனான். வளக்கறவ நான் கீறேன்."

பரந்தாமன் ஆட்டோடு இரண்டடி பின்வாங்கினார்.

"இன்னாய்யா வேடிக்க பாத்துகினு நிக்கற? போடு ஊசிய!" என்று கம்பவுண்டரை அதட்டிவிட்டு, மாட்டின் வாலை அவளே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.