முதலில் கண்டவர்

இன்னும் இரண்டு நிமிடம் அவள் வராமல் இருந்தால் போதும். அதற்குள் இது புகைதானா என்று தெரிந்துவிடும்.

வாயைத் திறக்காமல் இதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாம் திரையில், மலைமடிப்புக்குப் பின்னால், பிய்த்த பஞ்சு போல ஏதோ ஒன்று. மணி இரண்டு பதினொன்று. திரைகளுக்கு முன்னால் இருந்த நாற்காலி காலி. அது என் தங்கையின் நாற்காலி. தொலைபேசி அழைப்பு வந்ததும், பதிவேட்டில் ஒரு வரி எழுதாமல் வெளியே ஓடியிருந்தாள். என் இடம் எதிர்ப்பக்கம், வயர்லெஸ் மேசை. காபிக் கோப்பையைக் கழுவ எழுந்தவள் தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் திரும்பினேன்.

ஐந்து தேசியப் பூங்காக்களின் காட்டுத்தீச் செய்தியும் எங்கள் அறைக்குத்தான் முதலில் வரும். காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு பூங்காவாகக் கூப்பிட்டு, காற்று எப்படி, ஈரப்பதம் எவ்வளவு, எந்தப் பாதையில் பார்வையாளர்கள், எந்த முனையில் தண்ணீர் லாரி என்று கேட்டு எழுதுவது என் வேலை. பதினொரு வருடமாக எழுதுகிறேன். கோபுரக் கேமராக்களின் இருபது திரைகளைப் பார்ப்பது அவள் வேலை. அவள் வந்து எட்டு மாதம் ஆகிறது.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. தீயை முதலில் கண்டு சொல்கிறவர் அதற்குப் பெயர் வைக்கலாம். பக்கத்துப் பாறையோ ஓடையோ, அவர் வாயில் வந்த பெயர்தான் கடைசி அறிக்கைவரை நிற்கும். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம்: 'முதலில் கண்டவர்'. என் தங்கை மூன்று தீக்குப் பெயர் வைத்துவிட்டாள். நான் ஒன்றுக்குக்கூட இல்லை. மொட்டைப்பாறைத் தீ, இரட்டைச்சுனைத் தீ, நரிக்குழித் தீ. அவள் வைத்த பெயர்களை வயர்லெஸ்ஸில் சொல்வது மட்டும் நான். ஒவ்வொரு முறையும் நாக்கில் மிளகாய் பட்டது போல இருக்கும்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், மழை விட்ட பாறையிலிருந்து எழுந்த நீராவியைப் பார்த்து நான் "புகை" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை வயர்லெஸ்ஸில் சொன்னால் திரும்பப் பெற முடியாது, ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். இரண்டு லாரி, பதினாறு பேர் மலையேறிப் போய்ச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அன்றிலிருந்து நான் 'ஆவி அக்கா'. பட்டப்பகலில் உலாவும் ஒரே ஆவி என்று லாரி ஓட்டுநர்கள் இன்றும் என்னைப் பார்த்துப் பயந்தது போல நடிப்பார்கள். தங்கையும் முதல் மாதமே மான்கூட்டம் கிளப்பிய புழுதியைப் புகை என்றாள். எல்லோரையும் விட அவளே அதிகம் சிரித்தாள். அடுத்த நாள் யாருக்கும் அது நினைவில்லை. அவள்மேல் எதுவும் ஒட்டாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அதனால் காத்திருந்தேன். பஞ்சு தடித்தது. அதன் அடியில் ஒரு பழுப்பு நிறம் சேர்ந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மடிப்பில் ஓர் ஓடை இருப்பது ஞாபகம் வந்தது, கூழாங்கல் நிறைந்த ஓடை. கூழாங்கல் தீ. புகை ஏறிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது.

"அக்கா, ஒம்போதுல புகை! மைக்க எடு!"

வாசலில் நின்றபடியே கண்டுவிட்டாள். மணி இரண்டு பதினைந்து.

சாயங்காலத்துக்குள் தீ அடங்கியது. நாற்பது ஏக்கர் புல்லும் காவலர்கள் தங்கும் ஒரு குடிலும் எரிந்துபோயின. குடிலில் அப்போது யாரும் இல்லை. வெள்ளைப் பலகையில் தங்கை சாய்வான கையெழுத்தில் எழுதினாள்: கூழாங்கல் தீ. அவளுக்கும் அதே ஓடைதான் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை எங்கள் அதிகாரி வந்தார். எதைக் கேட்டாலும் நிமிடக் கணக்கில் கேட்பதால் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர்.

"கேமரா பதிவுல ரெண்டு பதினொண்ணுக்கே புகை தெரியுது. நாம சொன்னது ரெண்டு பதினஞ்சு. நாலு நிமிஷம் எங்கம்மா போச்சு? பத்து மணிக்குள்ள பதிவேட்டுல விளக்கம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைங்க."

அவர் போனதும் தங்கை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, சீட்ட உங்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் போனேன்னு எழுதிடேன்."

"ஒப்படைச்சியா?"

"இல்லதான். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேருந்து கூப்பிட்டாங்க, ஓடிட்டேன். அடுத்த வாரம் என்னை நிரந்தரமாக்குற ஆர்டர் வருது. இப்ப போய் சீட்ல ஆளில்லன்னு பதிவாச்சுன்னா அவ்வளவுதான்."

"அப்ப நாலு நிமிஷம் பாக்காம இருந்தது நான்னு ஆகும்."

"மேகமூட்டம்னு நெனச்சேன்னு எழுது. பதினோரு வருஷம் வேலை பாத்தவ, உன்ன யாரு கேப்பா?" குரலைத் தாழ்த்தினாள். "முதல்ல கண்டவர்னு உன் பேரையே போட்டுக்கோ. தீக்குப் பேரும் நீயே வை, பலகைய அழிச்சிடறேன். உனக்கு அதுல ஆசைன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்தேதான் எட்டு மாதமாக என் கண்முன்னால் பெயர் வைத்திருக்கிறாள். சின்ன வயதில் விளையாடி அலுத்த பொம்மையை இப்படித்தான் நீட்டுவாள்: இந்தா, நீ வச்சுக்கோ.

பேனாவை எடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. நான் எழுதினேன்: '2.11. ஒன்பதாம் திரையில் புகை கண்டேன். சொல்லவில்லை. திரை மேசையில் ஆள் இல்லை.'

குனிந்து படித்தவள் நிமிர நேரமானது.

"பாத்துட்டா நின்ன?"

"ம்."

"ஏன்க்கா?"

அவளைப் பார்க்காமல், எழுதியதை மறுபடி படித்தேன். என் தவறைத்தான் எழுதினேன். ஆனால் அதே வரியில் அவளுடைய காலி நாற்காலியும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எழுதும்போது உள்ளே ஒரு துளி இனித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

"இத அடிச்சிடு," என்றாள். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு பேருக்குமே கெட்டுடும்க்கா. ஒரே ஒரு கோடு."

வயர்லெஸ் கரகரத்தது. "ஆவி அக்கா, ராத்திரியெல்லாம் கங்கு கிளறி அணைச்சாச்சு, குறிச்சுக்கோங்க." மைக்கை எடுத்தேன். "கூழாங்கல் தீ, குறிச்சுக்கிட்டேன்," என்றேன். இந்த முறையும் நாக்கு எரிந்தது.

தங்கை பேனாவை என் விரல்களுக்குள் திணித்தாள். நான் அதற்கு மூடியைப் போட்டு, பதிவேட்டின் மேல் வைத்தேன்.

"அடிக்க மாட்டேன்."