வெளித் தாழ்ப்பாள்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு வாயை மூடவே தெரியவில்லை. வயிற்றுவலியிலிருந்து வீட்டுச் சண்டை வரைக்கும் முன்பின் தெரியாதவனிடம் கொட்டுகிறார்கள்; கொட்டியதற்குப் பாராட்டு வேறு வேண்டுமாம். நாற்காலிக் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே கிழவர் இப்படித்தான் பொருமினார். பட்டறையில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குக் குறையில்லை. கோபக்காரனை யாரும் கிட்ட வந்து உற்றுப் பார்ப்பதில்லை.

பொருமலுக்குக் காரணம், வார்னிஷ் அடிக்கப் புதிதாக வந்திருந்த பெண். ரம்ப மெஷின் ஓட ஆரம்பித்தால், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்தது மாதிரி ஒன்றைக் காதில் மாட்டிக்கொள்வாள். கேட்டால், சொந்த ஊரைச் சொல்வது போல, "எனக்கு ஆட்டிசம்ணே, சத்தம் தாங்காது" என்பாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள். சத்தம் கேட்டால் அவள் தன் கைகளை உதறுவாள்; மறுநாளே ரம்பக்காரன் அதே போல உதறிக் காட்ட, பட்டறையே சிரித்தது. கிழவரும் சிரித்தார். சிரிக்காதவனைத்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய தலைத்துண்டுக்குள், இரண்டு காதிலும் பஞ்சு இருந்தது. சளி என்று சொல்லி வைத்திருந்தார். மெஷின் கத்தும்போது அவர் இடது கை தானாகத் துடிக்கும். அதைச் சட்டெனச் சட்டைப் பைக்குள் விட்டு, விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தொட்டு அடக்குவார். கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாமல் ஒரு ஆயுளையே அந்தப் பைக்குள் வைத்து ஓட்டிவிட்டார்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தான். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். அவனைப் பின்னறையில் போட்டுத் தாழிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் விசாரித்தால், அப்பா இவர் தலையில் கையை வைத்து, "எனக்கு ஒரே பையன்தான்" என்பார். அந்தக் கையின் கனம் இன்னும் இறங்கவில்லை.

அன்று காலை மேஸ்திரி வந்து அந்தப் பெண்ணிடம், "பாப்பா, பின்னால சாமான் ரூம் சும்மாதானே கெடக்கு? ஜன்னலும் இருக்கு. அங்கயே வச்சு அடி. கதவச் சாத்திக்கிட்டா சத்தமே வராது" என்றார். நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிழவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அந்தப் பக்கம் போனார். அறையைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். தாழ்ப்பாள் வெளியே இருந்தது.

"என்ன தாத்தா, கதவயே பாக்குறீங்க?" உள்ளே அவள் காதுக் கிண்ணங்களைக் கழற்றி வைத்துவிட்டு அலமாரிப் பலகைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது? சொன்ன, இப்ப உள்ள தள்ளிட்டாங்க."

"யாரும் தள்ளல, நானேதான் வந்தேன். எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா? உங்களுக்கும் எடம் இருக்கு."

"எனக்கெதுக்கு?"

"துண்டு நழுவினப்போ பஞ்சு தெரிஞ்சுது. கையையும் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

துண்டைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். இவள் பார்த்திருக்கிறாள் என்றால் இன்னும் யார் யார் பார்த்தார்கள்? திட்டலாம் என்று வாயெடுத்தார். சிடுமூஞ்சியின் குரல் வரவில்லை.

"எனக்குச் சளி" என்றார், மெதுவாக.

"சரி, சளி. ஆனா இங்க யாரும் யாரையும் பூட்ட மாட்டாங்க தாத்தா."

"பூட்டுறவன் சொல்லிட்டாம்மா பூட்டுவான்?"

பையிலிருந்து திருப்புளியை எடுத்து, தாழ்ப்பாளின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். கடைசித் திருகு துருவேறி முரண்டு பிடித்தது. அவர் விடவில்லை; கழன்று வந்த தாழ்ப்பாளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மேஸ்திரி கேட்டா என்ன சொல்றது?"

"தானா கழண்டு விழுந்துச்சுன்னு சொல்லு. இதுலயாவது பொய் சொல்லப் பழகு."

"நீங்களும் இங்க வந்துடுங்களேன்" என்றாள் அவள்.

அவர் திரும்பவில்லை. ஒன்றைக் கழற்றினால் ஆயிற்றா, கடைக்குப் போனால் தாழ்ப்பாள் கூடை கூடையாகக் கிடைக்கிறது. முன்னால் ரம்பம் கத்தத் தொடங்கியது. பஞ்சை இன்னும் ஆழமாக அழுத்திக்கொண்டு அதை நோக்கியே நடந்தார். பைக்குள், குளிர்ந்த இரும்பின் மேல், விரல்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு மீண்டன.