மத்தியானத்தில் வந்த இராத்திரி

எல்லாரும் சௌக்கியமா? சாப்பிட்டீர்களா, நன்றாகத் தூங்கினீர்களா? முட்டிவலிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டே படியுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. தூக்கத்தைப் பற்றிச் சும்மா விசாரிக்கவில்லை. இது பட்டப்பகலில் இராத்திரியை வரவழைத்த ஒரு டீச்சரின் கதை.

அந்த டீச்சருக்கு மழலையர் வகுப்பு. வேலைக்குச் சேர்ந்து வருஷம் ஆகப் போகிறது, இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது பெரிய மேடம் கையில். பெரிய மேடம் என்றால் தலைமையாசிரியை. அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே அழுகிற பிள்ளை பாதி அழுகையை விழுங்கிவிடும்.

டீச்சருக்குப் பெரிய தலைவலி, மத்தியானத் தூக்கம். சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்து வாண்டுகளைப் படுக்கப் போட வேண்டும். ஒன்று கண்ணை மூடினால் இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் காலைக் கடிக்கும். அவை தூங்கினால்தான் டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் திறக்க முடியும். ஒரு நாள் பசி தாங்காமல், ஜன்னலின் கனத்த கறுப்புத் திரையைச் சரக்கென்று இழுத்து, இராத்திரி ஆகிவிட்டது, எல்லாரும் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தனையும் சுருண்டு படுத்துவிட்டன. கொண்டுவரும் சாப்பாட்டில் உப்பு இருப்பதே டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் விடுவாரா? தினமும் இதே வித்தைதான். பிள்ளைகளுக்கும் தினமும் இரண்டு இராத்திரி.

வகுப்பிலேயே பொடிசு ஒருத்தி. பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். கைவிரல் அத்தனையும் தீரத் தூங்கி எழுந்தால் உனக்குப் பிறந்தநாள் என்று அவள் அம்மா சொல்லி வைத்திருந்தாள். பட்டாணி ஒவ்வொரு தூக்கத்துக்கும் ஒரு விரலை மடக்கினாள், மத்தியானத் தூக்கத்தையும் சேர்த்து. பத்து நாளில் தீர வேண்டிய விரல் ஐந்தே நாளில் தீர்ந்துவிட்டது. புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, கேக் எங்கே என்று கேட்டாள். இன்னும் நாள் இருக்கிறது என்று சொன்னதும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் ஒப்பாரி.

அவள் அப்பா பஸ் ஓட்டுகிறவர். நேராகப் பெரிய மேடத்தின் அறைக்கே வந்துவிட்டார்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பல்லு தேய்க்கிறா மேடம். என்னடின்னு கேட்டா, விடிஞ்சிடுச்சுப்பாங்கறா."

பெரிய மேடம் டீச்சரைக் கூப்பிட்டு அதிகம் பேசவில்லை. நாளைக்கு நான் வந்து உட்காருவேன், பகலும் இரவும் பாடம் நடத்துங்கள், அதைப் பார்த்துவிட்டு உங்கள் வேலையைப் பற்றி முடிவு சொல்கிறேன் என்றார். டீச்சர் வெளுத்துப்போய் வெளியே வந்தால், வாசலில் வகுப்பு ஆயா.

"ஏன் டீச்சர், வரவழைச்சதுதான் வரவழைச்சீங்க, அப்படியே ஒரு ஞாயித்துக்கிழமைய வரவழைச்சிருந்தா எனக்கும் லீவு கெடைச்சிருக்கும்ல?"

மறுநாள் டீச்சர் மேஜை விளக்கும் பந்துமாக நின்றார். பெரியவர்கள் உட்கார நாற்காலி இல்லாததால், பெரிய மேடம் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் எப்படியோ தன்னை அடக்கிக்கொண்டார்.

இராத்திரி எப்படி வருகிறது என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம்.

"நீங்க திரைய இழுத்தா வரும் மிஸ்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

டீச்சர் விளக்கைப் போட்டுப் பந்தைச் சுற்றிக் காட்டினார். அது பந்துக்கு இராத்திரி, நமக்கு இல்லை என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். இழுத்துக் காட்டுங்கள் மிஸ் என்று பட்டாணி வேறு நச்சரித்தாள்.

இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர் திரையை இழுத்தார். பாய்கூட இல்லாமல் பாதி வகுப்பு தரையில் படுத்துவிட்டது. இருட்டில் பெரிய மேடம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே வேலை போவது டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. போகிறதுதான் போகிறது என்று பட்டாணியை ஆயாவோடு முற்றத்துக்கு அனுப்பி, அங்கே என்ன தெரிகிறது என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"வெயில் மிஸ். பூனை படுத்திருக்கு."

படுத்திருந்தவை ஒவ்வொன்றாக எழுந்தன. "அப்போ இங்க மட்டும்தான் இராத்திரியா? பொய் சொன்னீங்களா மிஸ்?"

"ஆமாண்டா. பொய்தான் சொன்னேன். எனக்குப் பசிச்சுது."

திரையைத் திறந்தார். சூரியன் எங்கேயும் போவதில்லை, நாம்தான் அதுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறோம் என்றார். அசையாத சூரியன் ஒன்று வேண்டுமே என்று பார்த்தபோது, எல்லார் கண்ணும் குட்டி நாற்காலிப் பக்கம் போயிற்று. விளக்கு பெரிய மேடத்தின் மடிக்கு ஏறியது. வாண்டுகள் அவரைச் சுற்றி நின்று தட்டாமாலை சுற்றின. முகம் காட்டினால் பகல், முதுகு காட்டினால் இராத்திரி. போதும் என்று பெரிய மேடம் எழப் பார்த்தார்.

"உக்காருங்க மேடம்" என்றாள் முற்றத்திலிருந்து வந்து கூடவே சுற்றிக்கொண்டிருந்த பட்டாணி. "சூரியன் நகரக்கூடாது."

பெரிய மேடத்தை யாரும் அப்படி அதட்டியதில்லை. உட்கார்ந்துவிட்டார். எழுந்தாலும் நாற்காலி கூடவே வந்திருக்கும் என்பது வேறு விஷயம். கடைசியில் ஆயாதான் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கழற்றினாள்.

"வேலை உங்களுக்குத்தான்" என்றார் பெரிய மேடம், உடையை நீவிக்கொண்டே. "பிள்ளைங்ககிட்ட உண்மைய ஒத்துக்கிட்டீங்களே, அதுக்காக. அடுத்த மாசம் பருவகாலப் பாடம் வருது. அதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

அன்றைக்கு மத்தியானம் டீச்சர் சந்தோஷமாகப் பாயை விரித்தார். ஒன்றும் தூங்கவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது, எங்களுக்குத் தெரியும் என்று அத்தனையும் உட்கார்ந்தே இருந்தன. வேலை நிரந்தரமாயிற்று, கூடவே பசியும்.

உங்கள் வீட்டில் சூரியன் இராத்திரி எங்கே போகிறது என்று பிள்ளைகள் கேட்டபோது என்ன கதை அளந்தீர்கள், எப்படி மாட்டிக்கொண்டீர்கள்? வெட்கப்படாமல் எனக்கு எழுதுங்கள்.